500 டாலருக்கு ஒரு விமானம்

1923-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் (எழுத்துப் பிழை இல்லை, ஊரின் பெயரே அதுதான்!) சௌதர் ஃபீல்டு என்றொரு பழைய ராணுவ விமானத் தளம். அங்கே 21 வயது இளைஞர் ஒருவர் விமானம் வாங்க வந்தார். பெயர் சார்லஸ் லிண்ட்பெர்க். நான்கே வருடத்தில் அட்லாண்டிக் பெருங்கடலை எங்கும் நிற்காமல் தனியாகப் பறந்து கடந்த முதல் மனிதர் என்று உலகப் புகழ் பெற்றவர்தான். ஆனால் அன்றைக்கு அவரிடம் இருந்தது ஏறக்குறைய எட்டு மணி நேரப் பயிற்சியும், கொஞ்சம் சேமிப்பும், அப்பா ஜாமீன் நின்றதால் கிடைத்த வங்கிக் கடனும்தான். தனியாக ஒருமுறைகூட விமானம் ஓட்டியதில்லை.

அதற்குக் காரணமும் பணம்தான். 1922-இல் நெப்ராஸ்காவில் பயிற்சி பெற்றபோது, விமானம் உடைந்தால் ஈடு கட்ட முன்பணம் கட்டு, அப்புறம் தனியாக ஓட்டலாம் என்றார்கள். கட்ட வழியில்லை. பிறகு ஊர் ஊராகப் போய் இறக்கை மேல் நடப்பது, பாராசூட்டில் குதிப்பது என்று சாகசம் காட்டிப் பிழைத்தார். சொந்த விமானம் இருந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமே!

சரி, பயிற்சியே முடிக்காத ஒருவர் விமானம் வாங்கும் அளவுக்கு விலை எப்படி இறங்கியது? முதல் உலகப் போருக்காக கர்டிஸ் நிறுவனத்தின் ஜே.என்.-4 ரகப் பயிற்சி விமானங்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. செல்லப் பெயர் ஜென்னி. மரச்சட்டம், அதன் மேல் துணி, 90 குதிரைத்திறன் கொண்ட ஓ.எக்ஸ்.-5 இன்ஜின், மணிக்குச் சுமார் 120 கி.மீ. வேகம். ஒன்றின் விலை 5,000 டாலருக்கு மேல். 1918-இல் போர் நின்றது. தேவை ஒரே நாளில் காணாமல் போனது, சரக்கு மட்டும் மலைபோல் நின்றது. கர்டிஸ் நிறுவனமே சுமார் 2 கோடி டாலர் மதிப்புள்ள விமானங்களையும் இன்ஜின்களையும் அரசிடமிருந்து வெறும் 27 லட்சம் டாலருக்குத் திரும்ப வாங்கியது. தான் விற்ற பொருளே மலிவு விலையில் சந்தைக்கு வந்தால் தன் புது விமானத்தை யார் வாங்குவார்கள் என்ற பயம் அதற்கு. (பயம் நியாயமானதுதான். ஜென்னிகள் தீரும்வரை புது விமான வியாபாரம் படுத்தே கிடந்தது.)

லிண்ட்பெர்க் கொடுத்தது 500 டாலர். அந்தப் பணத்துக்குப் புது இன்ஜின், புதுப் பெயின்ட், கூடுதலாக ஒரு பெட்ரோல் டேங்க். அன்று ஒரு புது ஃபோர்டு மாடல்-டி கார் 300 டாலர் வாக்கில் விற்றது. ஒருவரை ஒரு சுற்று ஏற்றிச் சென்றால் 5 டாலர் கிடைக்கும். நூறு பேர் ஏறினால் முதல் திரும்பிவிடும். கணக்கு என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் வராதது ஒன்று உண்டு. விமானத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கிடையாது. ஓட்டுபவருக்கு அரசு உரிமம் கிடையாது. காசைக் கொடுத்துவிட்டால் ஏறிப் பறக்க வேண்டியதுதான். லிண்ட்பெர்க் ஆறு மாதத்துக்கு மேல் விமானத்தைத் தொடவேயில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் ஏறினார். சில அடி உயரம் எழும்பியதுமே இறக்கை சாய்ந்தது. இன்ஜின் வேகத்தைக் குறைத்து, ஒற்றைச் சக்கரத்தில் எப்படியோ தரைக்கு வந்தார். நல்லவேளை, எதுவும் உடையவில்லை. அங்கிருந்த வேறொரு விமானி பார்த்துவிட்டுத் தானும் கூட ஏறி, சில முறை ஏற்றி இறக்கிப் பழக்கினார். காற்று அடங்கட்டும், சாயங்காலம் பார்க்கலாம் என்று யோசனையும் சொன்னார். அன்று மாலையே லிண்ட்பெர்க் முதன்முறையாகத் தனியாகப் பறந்தார்.

அதே 1923-இன் தொடக்கத்தில் இன்னொருவரும் தன் முதல் விமானத்தை வாங்கியிருந்தார். அவர் பெஸ்ஸி கோல்மன். சிகாகோவில் நகம் அழகுபடுத்தும் வேலை பார்த்த கறுப்பினப் பெண். அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாததால் பிரெஞ்சு மொழி படித்து, பிரான்சுக்கே போய், 1921 ஜூன் 15 அன்று விமானி உரிமம் பெற்றவர். அப்படி ஓர் உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். லிண்ட்பெர்க்கைவிட முறையாகக் கற்றவர். கலிபோர்னியாவில் 400 டாலருக்கு அவர் வாங்கியதும் ஒரு பழைய ஜென்னிதான். பிப்ரவரி 4 அன்று சான்டா மோனிகாவில் மேலே எழும்பிய சிறிது நேரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. கால் முறிந்தது, விலா எலும்புகள் உடைந்தன. விமானம் போயே போச்சு.

மீண்டு வந்து, பணம் சேர்த்து, 1926-இல் டல்லாஸில் இன்னொரு பழைய ஜென்னியை வாங்கினார். அதை ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்கு ஓட்டி வந்த மெக்கானிக், கோளாறுகளால் வழியில் ஒருமுறைக்கு மேல் அவசரமாகத் தரையிறங்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 30 அன்று மெக்கானிக் ஓட்ட, மறுநாள் பாராசூட்டில் குதிக்க இடம் பார்ப்பதற்காக பெஸ்ஸி இருக்கைப் பட்டை போடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் திடீரென்று தலைகுப்புறப் பாய்ந்தது. அவர் வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார். வயது 34. மெக்கானிக்கும் பிழைக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு ஸ்பேனர் சிக்கியிருந்ததாகப் பிறகு கண்டுபிடித்தார்கள். யாரோ எப்போதோ மறந்து வைத்த ஸ்பேனர்!

இரண்டு விலைக்கும் வித்தியாசம் 100 டாலர். அந்த 100 டாலரில்தான் புது இன்ஜின் இருந்தது என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். அது முழு உண்மையாகாது. புது இன்ஜினோடு வாங்கிய லிண்ட்பெர்க்கும் அன்று ஒற்றைச் சக்கரத்தில்தான் தப்பினார். பெஸ்ஸியின் இரண்டாவது விமானத்தில் கிடந்த ஸ்பேனரை எந்த விலையும் காட்டிக் கொடுத்திருக்காது. பிரித்துப் பார்த்துச் சோதிப்பது சட்டப்படி யாருடைய கடமையாகவும் அப்போது இல்லை.

பெஸ்ஸி இறந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 1926 மே 20 அன்று, அமெரிக்காவின் வான்வழி வணிகச் சட்டம் கையெழுத்தானது. அவர் மரணத்தால் வந்த சட்டம் அல்ல அது. அதற்கு முன்பே விவாதத்தில் இருந்தது. அதன்பின் விமானிக்கு உரிமம், விமானத்துக்குச் சோதனை எல்லாம் வந்தன. அந்தச் சோதனையில் தேற முடியாமல் ஜென்னிகள் ஒவ்வொன்றாக வானத்தை விட்டு மறைந்தன.

லிண்ட்பெர்க் தன் ஜென்னியை 1923 முடிவதற்குள் விற்றுவிட்டு, அடுத்த ஆண்டு ராணுவப் பயிற்சியில் சேர்ந்தார். அதன் பாகங்கள் ஐம்பது வருடம் கழித்து அயோவா மாநிலத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடைத்தன. அவற்றைச் சேர்த்துப் பழையபடி கட்டி, நியூயார்க் லாங் ஐலண்டில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.