வயிற்றுக்குள் விளக்கு

1901ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி பிற்பகல், அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக் கண்காட்சியில் ஜனங்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த ஜனாதிபதி மெக்கின்லியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. மைதானத்திலேயே இருந்த சிறிய ஆஸ்பத்திரியில் அவரைக் கிடத்தி, ஸ்திரீகளின் வியாதிகளில் நிபுணரான மாத்யூ மான் என்ற டாக்டர் வயிற்றைத் திறந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வெளியே கண்காட்சி முழுவதும் ஆயிரக்கணக்கான மின்விளக்குகளால் அலங்கரிக்கப்பட்டிருக்க, உள்ளே ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் ஏந்தி, மேற்கே இறங்கும் சூரியனின் கிரணங்களைத் திருப்பி ரணத்தின்மேல் விழும்படி பிடித்துக்கொண்டு நின்றார். இரைப்பையின் முன்புறத்திலும் பின்புறத்திலும் இருந்த இரண்டு துவாரங்களைத் தைத்தார்கள், குண்டு அகப்படவில்லை. குண்டு சென்ற வழி அழுகி, 14ஆம் தேதி அவர் காலமானார்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பது நம் பழமொழி. வயிற்றுப் புண்ணின் சங்கதி வேறு. தோலின்மேல் தெரிவது ஓர் அங்குலக் கீறலாக இருக்கலாம். கத்தி தசையோடு நின்றதா, உட்சவ்வைத் துளைத்ததா, துளைத்தும் குடலைத் தொடாமல் விட்டதா என்பதை அந்தக் கீறல் சொல்லாது. இந்த ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் ரண சிகிச்சை ஒரு நூற்றாண்டு காலம் அலைந்தது.

மெக்கின்லி இறந்த ஒன்பதாம் நாள், செப்டம்பர் 23ஆம் தேதி, ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் கூடிய விஞ்ஞானிகள், வைத்தியர்கள் மகாநாட்டில், டிரெஸ்டன் நகர டாக்டர் ஜார்ஜ் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தி, மூத்திரப்பையைப் பார்ப்பதற்கென்று நிட்ஸே என்பவர் செய்திருந்த விளக்குக் குழலை அதனுள் நுழைத்து, உள்ளுறுப்புகளை உயிரோடு இருக்கும்போதே பார்த்துக் காட்டினார். வயிற்றுக்குள் பெருகும் ரத்தத்தைக் காற்றின் அழுத்தத்தால் நிறுத்த முடியுமா என்பதே அவர் மனத்தில் இருந்த கேள்வி. காற்று உள்ளே என்ன செய்கிறது என்று காண ஆசைப்பட்டே அவர் குழலை நுழைத்தார். ரத்தப்பெருக்கைப் பற்றிய கவலையில் பிறந்த கருவி ரணம்பட்டவனின் படுக்கையருகே வந்து சேர அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதை எண்ணும்போது மனம் வருந்தத்தான் செய்கிறது.

அந்த இடைக்காலத்தில் வைத்தியர்களின் அபிப்பிராயம் இரு துருவங்களுக்கிடையே ஊசலாடியது. 1899இல் மூண்ட போயர் யுத்தத்தில், வயிற்றில் குண்டு பட்டவனைத் திறந்தால் சாவான், விட்டுவிட்டால் பிழைத்தாலும் பிழைப்பான் என்பது பிரிட்டிஷ் சர்ஜன் மக்கார்மக்கின் தீர்மானம். 1904இல் தொடங்கிய ருஷ்ய ஜப்பானிய யுத்தத்திலோ, வேரா கெட்ராயிட்ஸ் என்ற ருஷ்ய இளவரசி, தாமே சர்ஜனாகப் பணிபுரிந்து, ரயில் பெட்டியையே சஸ்திர சிகிச்சைக்கூடமாக்கி, காயம்பட்ட சில மணி நேரத்துக்குள் திறந்து தைத்தால் உயிர் மீளும் என்று செய்து காட்டினார். முதல் உலக யுத்தத்தின்போது அந்தக் கட்சியே வென்றது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய சர்ஜன்கள் அந்த விதியையும் உடன் கொண்டு வந்தார்கள்: வயிற்றில் குத்துப்பட்டு வருகிறவன் எவனாயினும் திறந்து பார்த்துவிடு.

திறந்து பார்த்தார்கள், பல வயிறுகளில் தைப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை ஒருவனைக் கீறி, ஒன்றுமில்லை என்று மூடுவதால், குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், வருஷங்கள் கழித்து அதனால் குடல் அடைபடுவதும், தையல் தளர்ந்த இடத்தில் குடலிறக்கம் தோன்றுவதும் உண்டு. புரூக்ளின் ஆஸ்பத்திரி ஒன்றில் பணியாற்றிய ஜெரால்டு ஷாஃப்டன் 1960இல், எல்லோரையும் திறக்க வேண்டாம், அருகிலிருந்து திரும்பத் திரும்பப் பரிசோதித்துத் தேவைப்பட்டவர்களை மட்டும் திறந்தால் போதும் என்று எழுதினார். அன்று பலருக்கு ஒவ்வாத அந்த வார்த்தையை, இந்த விருத்தாந்தத்திலேயே துணிச்சல் மிக்கதாக நான் மதிக்கிறேன்.

குழலும் இதற்குள் வளர்ந்திருந்தது. 1910இல் ஸ்டாக்ஹோமில் யாகோபேயஸ் என்ற டாக்டர் அதை மனிதரிடம் உபயோகித்தார். பின்னர் கல்லீரலைப் பார்க்கும் வைத்தியர்களும் மகளிர் வைத்தியர்களும் அதைப் போற்றி வைத்தார்கள். குழல் முழுவதும் கண்ணாடித் தண்டுகளை நிரப்பி ஹாப்கின்ஸ் என்ற ஆங்கில பௌதிக நிபுணர் செய்த மாறுதலால் மங்கலான உருவம் பளிச்சென்றாயிற்று. 1970களில் சிலர் அதைக் காயம்பட்டவர்களிடம் பரீட்சித்தார்கள். ஆயினும் ஒரு கண் மட்டும் வைத்துப் பார்க்கும் கருவியாகவே அது இருந்ததால், சர்ஜன் கண்டதைப் பக்கத்தில் நின்றவர் காணவில்லை. கேமரா பொருத்தித் திரையில் காட்டிய பிறகே அது எல்லோருடைய கண்ணுமாயிற்று.

இன்று அந்தக் குழல் பரிசோதனை நடைபெறும் விதம் இது. மயக்கம் கொடுத்து, தொப்புளருகே சிறு துவாரமிட்டு, கரியமிலவாயுவைப் பாதரச அளவில் 12 முதல் 15 மில்லிமீட்டர் அழுத்தம் வரை செலுத்தினால், வயிற்றுச் சுவர் கூடாரம்போல் எழும்புகிறது. கேமரா முதலில் தேடுவது கத்தி வந்த வழியை, உட்புறத்திலிருந்து. சவ்வு வழுவழுப்பாக, முழுமையாக இருந்தால் கத்தி உள்ளே வரவில்லை. வேலை அத்தோடு முடிந்தது. கிழிந்திருந்தால் ரத்தத்தையும் பித்தத்தையும் தேடி, குடலை இடுக்கியால் சாண் சாணாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். நாடி தளர்ந்து ரத்த அழுத்தம் விழுகிறவனுக்கு இந்த நிதானம் ஆகாது; அவனைத் தாமதமின்றித் திறப்பதே முறை.

1997இல் வெளியான, மூன்று பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களின் கணக்கு, இவ்விதம் குழலால் பரிசோதிக்கப்பட்ட 510 பேரைப் பற்றியது. அவர்களில் 277 பேருக்கு வயிற்றைத் திறக்க வேண்டிய அவசியமே நேரவில்லை. ஆனால் 1993இல் ஐவட்டூரி என்ற சர்ஜனும் அவருடைய தோழர்களும் 100 பேரை ஆராய்ந்தபோது, குடற்காயங்களில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடக் குழல் கண்டுபிடிக்கவில்லை. மடிப்புக்குள் மடிப்பாகச் சுருண்டு கிடக்கும் குடலில் ஒரு சிறு துவாரம் எளிதில் ஒளிந்துகொள்ளும். குடலை அடிமுதல் நுனிவரை புரட்டும் கைத்திறன் அக்காலத்தில் இன்னும் கைகூடவில்லை என்பதும் காரணம்.

ஆயினும் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் விஷயத்தில் இந்த விளக்கிற்கு நிகரில்லை. அதில் விழுந்த சிறு கிழிசல் வலிக்காது, எக்ஸ்ரேயில் தெரியாது. மாதங்களோ வருஷங்களோ கழித்து அதன் வழியே இரைப்பையோ குடலோ மார்புக்குள் ஏறி நெரிபடும்போதுதான் வெளிப்படும். (அந்தக் கிழிசல் வழியே கரியமிலவாயுவும் மார்புக்குள் ஏறக்கூடும் என்பதால், மயக்கம் கொடுப்பவர் விழிப்போடு இருக்க வேண்டும்.) லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், இடது கீழ்மார்பில் காயம்பட்டு, திறப்பதற்கான வேறு குறி எதுவும் இல்லாத 110 பேருக்குக் குழல் நுழைத்துப் பார்த்ததில், 26 பேரின் உதரவிதானம் துளைக்கப்பட்டிருந்தது.

ஆகையால், இடது விலாவின் கீழே கத்திக் காயம் பட்ட ஒருவர், நடக்கிறார், பேசுகிறார், பசிக்கிறது என்கிறார் என்பதற்காக அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவசரப்படாதீர்கள். உதரவிதானத்தைப் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.