சேவ் பண்ணினது எங்கே போச்சு? - டீஃபால்ட் ஃபோல்டரின் கதை

கணினி பழகிய எல்லோருக்கும் ஒரு முறையாவது இது நடந்திருக்கும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து தட்டச்சு செய்த அசைன்மென்ட்டை சேவ் செய்து மூடிவிட்டு, மறுநாள் காலையில் தேடினால் காணோம்! கோப்பு அழிந்திருக்காது. சேவ் கொடுத்தபோது அந்த மென்பொருள் தானாகத் திறந்து காட்டிய ஃபோல்டர் எதுவோ, அதற்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். பயனர் எதுவும் சொல்லாதபோது மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும் அந்த இடத்துக்குத்தான் டீஃபால்ட் ஃபோல்டர் என்று பெயர்.

பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் அந்த இடத்தை யார் முடிவு செய்வது, அதை மாற்றினால் ஏற்கனவே அங்கே இருந்த கோப்புகள் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளும் ஐம்பது வருடங்களுக்கு மேலாக மென்பொருள் எழுதுபவர்களைப் படுத்தி எடுத்திருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு 2018-இல் தவறான பதில் எழுதப்பட்டது. சிலருடைய கோப்புகள் அப்போது நிஜமாகவே அழிந்தன.

முதல் குழப்பம் யுனிக்ஸ் பிறந்த காலத்திலேயே வந்துவிட்டது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 என்ற கணினியில் யுனிக்ஸைத் தொடங்கினார்கள். அதில் பயனர் எப்போதும் ஏதாவது ஒரு டைரக்டரியில் 'நின்றுகொண்டு' இருப்பார். கோப்பின் பெயரை மட்டும் சொன்னால், நிற்கிற டைரக்டரியிலேயே அது தேடப்படும். வேறு டைரக்டரிக்குப் போக 'சிஎச்டிஐஆர்' என்று ஒரு கட்டளை. பிறகு ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனிச் செயலாகப் பிரித்து ஓட்டும் 'ஃபோர்க்' என்ற வசதியைச் சேர்த்தார்கள். சேர்த்ததும் சிஎச்டிஐஆர் வேலை செய்யவில்லை! கட்டளை கொடுத்தால் பிழை எதுவும் வராது. ஆனால் பயனர் பழைய இடத்திலேயே நிற்பார்.

நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தும் அதில் தப்பு தெரியவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கட்டளையை ஓட்டுவதற்காகப் பிறந்த குட்டிச் செயல், தன்னுடைய இடத்தை மாற்றிக்கொண்டு, வேலை முடிந்தது என்று மறைந்துவிடுகிறது. அதைப் பெற்ற ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கடைசியில் இந்த ஒரு கட்டளையை மட்டும் ஷெல்லே நேரடியாகச் செய்யும்படி மாற்றினார்கள். ரிட்சி யுனிக்ஸின் வரலாற்றை எழுதியபோது இந்தச் சம்பவத்தையும் அதில் பதிவு செய்திருக்கிறார். மாற்றம் சரியாகத்தான் நடந்தது, ஆனால் யாருக்கு நடந்தது என்பதில்தான் கோளாறு. இதே வகைக் கோளாறு வேறு வேறு வேஷத்தில் திரும்பத் திரும்ப வருவதை இனிமேல் பார்க்கலாம்.

1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் முதல் பதிப்பில் ஃபோல்டர் என்ற பேச்சே இல்லை. 160 கிலோபைட் ஃப்ளாப்பியில் அதிகபட்சம் 64 கோப்புகள், அவ்வளவுதான். இரண்டு டிரைவ் உள்ளவர்கள் ஏ-யில் மென்பொருளையும் பி-யில் தங்கள் கோப்புகளையும் வைத்துக்கொண்டார்கள். எங்கே சேவ் ஆனது என்ற கேள்விக்கு பதில் கையில் இருந்தது: எந்த ஃப்ளாப்பியைச் செருகினோமோ அதில்!

1983-இல் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தது. கூடவே சப்-டைரக்டரிகளோடு டாஸ் 2.0-வும் வந்தது. யுனிக்ஸைப் பார்த்துச் செய்ததுதான், ஆனால் ஒரு விஷயத்தில் நேர் எதிர். டாஸில் 'இப்போது நிற்கும் டைரக்டரி' என்பது டிரைவுக்கு ஒன்று, எல்லா மென்பொருளுக்கும் பொது. ஒரு மென்பொருள் அதை மாற்றிவிட்டு வெளியே வந்தால், மாற்றியது மாற்றியபடியே இருக்கும். அடுத்து ஓடும் மென்பொருள் அது விட்டுப்போன இடத்தில் கோப்பைப் போடும். ஆகவே ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு அமைப்பை வைத்துக்கொண்டது. லோட்டஸ் 1-2-3-இல் ஒர்க்‌ஷீட், குளோபல், டீஃபால்ட், டைரக்டரி என்று மெனுவில் நான்கு படி இறங்கினால்தான் அந்த இடத்தை மாற்ற முடியும். மாற்றியபின் அப்டேட் என்று ஒன்றைக் கொடுக்க மறந்தால், அடுத்த முறை திறக்கும்போது பழைய இடமே வந்து நிற்கும். விண்டோஸ் 3.1-இல் ஒவ்வொரு ஐகானுக்கும் 'ஒர்க்கிங் டைரக்டரி' என்று ஒரு கட்டம் கொடுத்தார்கள். அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

ஆப்பிள் இந்தக் குழப்பத்தை மறைக்காமல் பயனர் முன்னாலேயே வைத்தது. 1994-இல் வந்த மேக் சிஸ்டம் 7.5-இன் அமைப்புகளில் ஒரு கேள்வி இருந்தது. கோப்பைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் எங்கே அழைத்துப் போகட்டும்? மென்பொருள் இருக்கும் ஃபோல்டருக்கா, கடைசியாகப் பயன்படுத்திய ஃபோல்டருக்கா, 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்கா? மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். டீஃபால்ட் ஃபோல்டரை இவ்வளவு நேர்மையாகக் கேட்ட கேள்வி வேறு இல்லை என்றே சொல்லலாம்.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. எல்லோருக்கும் ஒரே இடம், பெயர் 'மை டாக்குமென்ட்ஸ்'. 1990-களின் நடுவில் சி டிரைவின் வாசலிலேயே உட்கார்ந்திருந்த இந்த ஃபோல்டர், விண்டோஸ் 98-இல் டெஸ்க்டாப்புக்கு வந்தது. விண்டோஸ் 2000-த்திலும் எக்ஸ்பியிலும் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக, 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்பதற்கு உள்ளே போனது. விஸ்டாவில் பெயரில் இருந்த 'மை' போய் வெறும் 'டாக்குமென்ட்ஸ்' ஆனது. இடம் இப்படி மாறிக்கொண்டே இருந்ததால், அந்த ஃபோல்டரின் பாதையை நிரலில் நேரடியாக எழுதாதீர்கள், எங்கே இருக்கிறது என்று விண்டோஸைக் கேளுங்கள் என்பதுதான் மைக்ரோசாஃப்ட் சொன்ன விதி.

அந்த விதி எப்படி உடைந்தது என்பதை, மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் பணியாற்றிய ரேமண்ட் சென் 2003-இல் எழுதினார். விண்டோஸ் 95-இன் சோதனைப் பதிப்பில் இந்தப் பாதைகள் ரெஜிஸ்ட்ரியில் 'ஷெல் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் இருந்தன. பிறகு விண்டோஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை வந்துவிட்டது. ஆனால் பழைய இடத்தை நம்பி நான்கு மென்பொருள்கள் ஏற்கனவே எழுதப்பட்டிருந்தன. அந்த நான்குக்காக மட்டும் தற்காலிகமாக அதை விட்டுவைத்தார்கள். மற்றவர்கள் அதைக் கண்டுபிடித்து, இதுதான் வழி போலிருக்கிறது என்று எல்லோரும் அதையே படிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு அதை எடுக்கவே முடியவில்லை. பின்னாளில் வந்த விண்டோஸ் பதிப்புகளில் அந்த இடத்தைத் திறந்தால், 'இதைப் பயன்படுத்தாதே' என்று ஒரு குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் தற்காலிகம் என்று போட்ட கொட்டகை நிரந்தரமாகிவிடுவது போலத்தான்!

பயனர்கள் இந்த இடத்தை மாற்ற நல்ல காரணம் இருந்தது. 2000-களில் விண்டோஸ் கெட்டுப்போனால் சி டிரைவை ஃபார்மேட் செய்வதுதான் வழக்கமான வைத்தியம். மை டாக்குமென்ட்ஸ் சி-யில் இருந்தால் கோப்புகளும் கூடவே போய்விடும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் மை டாக்குமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ் போய், அதன் இடத்தை டி டிரைவுக்கு மாற்றினார்கள். அப்போது எக்ஸ்பி ஒரு கேள்வி கேட்கும்: பழைய இடத்தில் உள்ள கோப்புகளையும் புதிய இடத்துக்கு நகர்த்தவா? 'நோ' என்று சொன்னால் பெயர்ப்பலகை மட்டும் டி-க்குப் போகும், கோப்புகள் சி-யிலேயே நிற்கும். டாக்குமென்ட்ஸைத் திறந்தால் புதிய இடம்தான் தெரியும். பழையது கண்ணில் படாது, ஆனால் இருக்கும். பலருக்கு இந்த வித்தியாசமே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

2018 அக்டோபர் 2 அன்று அந்த அவசியம் வந்தது. விண்டோஸ் 10-இன் 1809 என்ற புதுப்பிப்பு அன்று வெளியானது. அதை நிறுவிய சிலர், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றில் இருந்த கோப்புகளைக் காணோம் என்று புகார் செய்தார்கள். சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் வெளியீட்டை நிறுத்திவைத்தது.

காரணத்தை மைக்ரோசாஃப்டே விளக்கியது. முந்தைய புதுப்பிப்புக்குப் பிறகு, ஃபோல்டரை இடம் மாற்றியவர்களின் கணினியில் அதே பெயரில் காலியான ஃபோல்டர் ஒன்று கூடுதலாகத் தெரிகிறது என்று புகார்கள் வந்திருந்தன. அந்தக் காலி ஃபோல்டர்களை நீக்குவதற்காக 1809-இல் நிரல் சேர்த்தார்கள். அது பழைய இடத்தில் இருந்த ஃபோல்டரை, உள்ளே கோப்புகள் இருந்தபோதும், அப்படியே அழித்துவிட்டது. இடத்தை மாற்றியபோது கோப்புகளை நகர்த்தாமல் விட்டவர்களும், ஒன்டிரைவின் பழைய பதிப்பு ஒன்றில் தானியங்கிச் சேமிப்பைப் போட்டு அது பழைய கோப்புகளை நகர்த்தாமல் விட்டதால் சிக்கியவர்களும் இழந்தார்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்பதும், விண்டோஸ் எந்த இடத்தை 'டாக்குமென்ட்ஸ்' என்று அழைக்கிறது என்பதும் ஒன்றுதான் என்று நிரல் எழுதியவர்களும் நினைத்துவிட்டார்கள் போலும். இதில் வேடிக்கை, ஃபார்மேட்டுக்குப் பயந்து முன்ஜாக்கிரதையாக இடத்தை மாற்றியவர்கள்தான் மாட்டிக்கொண்டவர்களில் ஒரு சாரார். மாற்றாமல் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புகார் செய்தவர்கள் நிறுவியவர்களில் 10,000-இல் ஒரு பங்குதான் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. கோப்பு போனவருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. முன்கூட்டியே சோதித்துப் பார்த்தவர்களில் சிலர் வெளியீட்டுக்கு முன்பே இதைத் தெரிவித்திருந்தும், ஆயிரக்கணக்கான மற்ற புகார்களுக்கு நடுவில் அது கவனிக்கப்படவில்லை. அதன்பின் புகார் எவ்வளவு தீவிரமானது என்று குறிப்பிடும் வசதியைச் சேர்த்தார்கள். சரிசெய்யப்பட்ட 1809 அதே ஆண்டு நவம்பர் 13-இல் மீண்டும் வந்தது.

அதற்கு முன்பே டீஃபால்ட் ஃபோல்டர் கணினியை விட்டே வெளியேறத் தொடங்கியிருந்தது. ஆஃபீஸ் 2013-இல் சேவ் கொடுத்தால் முதலில் காட்டப்பட்டது ஸ்கைடிரைவ் என்ற இணையச் சேமிப்பு. அதுதான் 2014-இல் ஒன்டிரைவ் என்று பெயர் மாறியது. வேண்டாம் என்பவர்களுக்கு, கணினியிலேயே சேமி என்று ஒரு கட்டத்தை டிக் செய்யும் வழி அமைப்புகளில் இருந்தது. 2025 ஆகஸ்டில், வேர்டின் சோதனைப் பதிப்பில் புதிய கோப்பு உருவாகும்போதே ஒன்டிரைவில் தானாகச் சேமிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இதையும் மாற்றிக்கொள்ளலாம், லோட்டஸில் போல மெனுவுக்குள் சில படிகள் இறங்கவேண்டும்.