'சிலருடைய பலவீனம்'

தென்னாப்பிரிக்க நிறவெறி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 1948-ல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சியும், அது போட்ட சட்டங்களும், 27 வருடம் சிறையில் இருந்த மண்டேலாவும்தான். ஆனால் அந்தச் சட்டங்களுக்குச் சுமார் 90 வருடம் முன்பே பிரிவினைக்கு ஒரு தேவாலயத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கேப் பகுதியில் வெள்ளையர்களின் பெரிய சபை டச்சு சீர்திருத்த சபை. நிறம் பார்க்காமல் எல்லோரும் சேர்ந்தே திருவிருந்து எடுக்கவேண்டும் என்று 1829-ல் அதன் சினாடு முடிவு செய்தது. சில வெள்ளையர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1857-ல் சினாடு மறுபடி கூடியது. எல்லோரும் ஒன்றாக ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று அப்போதும் ஒத்துக்கொண்டது. ஆனால் 'சிலருடைய பலவீனம்' காரணமாக ஊழியம் தடைப்பட்டால், வெள்ளையரல்லாத விசுவாசிகளுக்குத் தனிக் கட்டடம் வைத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துவிட்டது.

கவனியுங்கள், பலவீனம் வெள்ளையருடையது. வெளியே போனவர்களோ மற்றவர்கள்! பலவீனரைத் தாங்குங்கள் என்று பவுல் எழுதியது, பலமுள்ளவன் தன்னுடையதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காக. இங்கே விட்டுக்கொடுக்கப்பட்டது அயலானின் இடம்.

சலுகையாக வந்தது பழக்கமானது. 1881-ல் வெள்ளையரல்லாதவர்களுக்கென்று தனிச் சபையே உருவானது. பிறகு பழக்கத்துக்கு வேத ஆதாரமும் தேடினார்கள். 1948-ல் பிரதமரான மலான் இதே சபையின் முன்னாள் போதகர்.

1960 மார்ச்சில் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். அதன்பின் மனசாட்சியின் பக்கம் நின்ற வெள்ளைப் போதகர்களில் ஒருவர் பேயர்ஸ் நௌடே. 1963-ல் பிரசங்க மேடையை இழந்தார். 1977-ல் அரசு அவருக்குத் தடை உத்தரவு போட்டது. ஏழு வருடம் மேடையேற முடியவில்லை.

இதைவிட முக்கியமான குரல் வெளியே அனுப்பப்பட்டவர்களிடமிருந்து வந்தது. 1881-ல் பிரிக்கப்பட்ட அதே சபை 1982-ல் பெல்ஹார் என்ற ஊரில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை எழுதி, 1986-ல் ஏற்றுக்கொண்டது. திருச்சபையின் ஒற்றுமை, ஒப்புரவு, நீதி - மூன்றையும் பிரிக்கமுடியாது என்பதே அதன் சாரம். அதாவது, நீதியைத் தள்ளிவைத்துவிட்டு அன்பைப் பற்றி மட்டும் பேசமுடியாது.

1990 நவம்பரில் ருஸ்டன்பர்க் மாநாட்டில் இறையியலாளர் வில்லி யோங்கர், தன் பெயரிலும் தன் சபையின் பெயரிலும் குற்றத்தை அறிக்கையிட்டார். டெஸ்மண்ட் டுட்டு அதை ஏற்றுக்கொண்டார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1994-ல் வெள்ளையரல்லாதவர்களின் இரண்டு சபைகள் இணைந்து ஒரே சபையாயின. வெள்ளையர்களின் பழைய சபையோடு இணைப்பு மட்டும் இன்றுவரை நடக்கவில்லை. பெல்ஹார் அறிக்கையை முழுமையாக ஏற்பது பற்றிய தயக்கம் அதற்கு ஒரு பெரிய காரணம்.

மன்னிப்புக் கேட்பது கஷ்டம்தான். ஆனால் அயலானிடமிருந்து எடுத்த இடத்தைத் திருப்பிக்கொடுத்து ஒரே மேசையில் உட்காருவது அதைவிடக் கஷ்டம் போலிருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?