பிரட்டு நேரத்து வானம்: மலையக வரலாற்றாய்வில் விண்வரைபட மென்பொருள்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுத முற்படுவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் திகதி பற்றியதாகும். தோட்டத்து எழுத்தாவணங்கள் பெரும்பாலும் நிருவாகத்தின் கணக்கேடுகளே. ஒருவர் எந்நாளில் வேலைக்கு வந்தார் என்பதைச் செக்றோல் கூறும். அவர் எப்போது பிறந்தார், எப்போது மணந்தார் என்பன அதற்கு வேண்டப்படாதவை. ஆனால் அரசு பின்னாளிற் கேட்டதோ அவற்றையே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என வினவிற்று. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், 1946 ஜனவரி 1 க்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கு வதிந்தமைக்குச் சான்று கோரிற்று. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 என்ற ஒரு நாளிலேயே தங்கியுள்ளது. எழுத்துச் சான்று மிகக் குறைவாகவே வழங்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்திடம் இத்தனை திகதிகள் கேட்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

வாய்மொழி வரலாற்றிற் காலம் பெரிதும் நிகழ்ச்சிகளாற் சுட்டப்படுகிறது. அவற்றுள் வானத்து நிகழ்ச்சிகளுக்குத் தனிமதிப்பு உண்டு. அவை மீளக் கணித்தறியத்தக்கவை. பிரான்சைச் சேர்ந்த ஃபபியன் ஷெரோ 2001 இல் தொடக்கிய ஸ்டெல்லேரியம், அதேபோன்ற கேஸ்டார்ஸ், பத்ரிக் ஷெவாலே ஆக்கிய கார்த் து சியேல் ஆகியவை விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள். இடம், நாள், மணி ஆகிய மூன்றையும் கொடுத்தால் எந்த விண்மீன் எத்திசையில் எவ்வுயரத்தில் நிற்கும் என்பதை அவை வரைந்து காட்டும். இன்றிரவு எதை நோக்கலாம் எனத் திட்டமிடுவோருக்காக அவை ஆக்கப்பட்டன; எனினும் அதே கணிதம் பின்னோக்கியும் ஓடும் என்பதே நமக்கு வேண்டியது. கணினியில் ஒருமுறை நிறுவியபின் இணைய இணைப்பின்றியும் இயங்குவதால் தோட்டப் பாடசாலை ஒன்றில்கூட இவ்வாய்வை நடத்தலாம்.

வானைக் கணிப்பது தமிழருக்குப் புதிதன்று. 1825 இல் புதுச்சேரியிலே பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டு, நிலத்திற் சோழிகளைப் பரப்பிச் சந்திரகிரகணமொன்றைக் கணித்ததை ஜோன் வாரன் பதிவுசெய்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை.

இனி, ஓர் எடுத்துக்காட்டை விரிவாக நோக்குவோம். உலகப்போர்க் காலத்தில் இலங்கையின் கடிகாரம் இருமுறை முன்தள்ளப்பட்டது. 1942 ஜனவரியில் கிரீனிச் நேரத்துக்கு 6 மணி முன்னாகவும், அவ்வாண்டு செப்டெம்பரில் 6½ மணி முன்னாகவும் அது நிறுத்தப்பட்டது. 1945 ஒக்டோபரிலேயே பழைய 5½ மணிக்கு மீண்டது. அட்டனில் ஜனவரி நடுப்பகுதியில் வழமையான கடிகாரப்படி ஏறத்தாழ 6.25 க்குச் சூரியன் உதிக்கும். 1943 இல் அதுவே 7.25 ஆகும். பிரட்டு காலை 6 மணிக்கென்று கொள்வோமாயின், போர்க்காலத்திலே தொழிலாளர் வரிசையில் நின்றது முழு இருளில். அவ்வேளை திரிசங்கு எனப்படும் தென்சிலுவை நேர்தெற்கே, 20 முதல் 26 பாகை வரையான உயரத்தில், நிமிர்ந்து நின்றிருக்கும். பழைய கடிகாரமாயின் அதே 6 மணிக்கு வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். தோட்டங்கள் புதிய கடிகாரத்தைப் பின்பற்றினவா, அன்றிப் பிரட்டு நேரத்தையும் உடன் தள்ளிவைத்தனவா? தப்பொலி கேட்டு எழுந்தபோது வானில் என்ன இருந்தது என்ற முதியோர் கூற்று இவ்வினாவுக்கு விடை தரக்கூடும். உழைப்பு நேரத்தின் வரலாற்றை ஆராய்வோருக்கு இது சிறு செய்தியன்று.

வால்வெள்ளிகளில் அவதானம் கூடுதலாக வேண்டும். 1910 இல் இரண்டு தோன்றின. ஜனவரி இறுதியில் அந்தி வானில், மேற்கே ஒன்று. மற்றையது ஹேலியின் வால்வெள்ளி. மே நடுப்பகுதிவரை விடியலிற் கிழக்கேயும் அதன்பின் அந்தியில் மேற்கேயும் தெரிந்தது. ஆகவே “1910 இல் அந்தியிற் கண்டது” என்று குடும்பங்களில் வழிவந்த கதை எதனைக் குறிக்கிறது என்பதைப் பருவமே தீர்க்கும்: வரண்ட காலமா, தென்மேல் பருவமழை தொடங்கும் வேளையா? இங்கொரு நுட்பமும் உண்டு. ஹேலியின் 1986 ஆம் ஆண்டுப் பாதைக் கூறுகளைக் கொண்டு 1910 ஐக் கணித்தால் இடம் தவறும். கோள்களின் ஈர்ப்பால் பாதை மாறியிருப்பதால் 1910 க்குரிய கூறுகளையே மென்பொருளில் இடவேண்டும். வாலின் நீளத்தையும் ஒளியையும் மென்பொருள் காட்டுவதை நம்புதல் ஆகாது. பின்வந்தவற்றுள் 1965 ஒக்டோபர் இறுதியின் இக்கேயா-செக்கி, 1970 இன் பென்னெற், 1976 மார்ச்சின் வெஸ்ற் ஆகிய மூன்றும் விடியற்கால வால்வெள்ளிகள். நகரத்தார் பலர் உறங்கும் வேளையில் லயத்துவாசலிலே தீமூட்டி எழுந்திருந்தோரே அவற்றைக் காணும் வாய்ப்பு மிக்கவர். சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கைக்குச் சரியாக ஓராண்டின் பின்னரே முதலாவது தோன்றிற்று என்பதும் காலம் கணிப்போருக்கு உதவும்.

மலைநாட்டிற் கிடைத்தளவான அடிவானம் இல்லை. திருச்சியில் ஏறத்தாழ 11 பாகை உயரத்தில் நிற்கும் துருவ விண்மீன் அட்டனில் 7 பாகையிலேயே நிற்கும். ஒரு சிறு மலைமுகடும் அதனை மறைத்துவிடும். எனவே லயத்து முற்றத்தில் நின்று ஒவ்வொரு திசையிலும் மலையின் உயரத்தை அளந்து, அவ்வட்டவணையை ஸ்டெல்லேரியத்திற் சேர்த்தல் வேண்டும். ஒரு பிற்பகலில் முடியத்தக்க வேலை அது.

1955 யூன் 20 ஆம் திகதி காலை முழுச்சூரிய கிரகணத்தின் பாதை இலங்கைக்கு மேலாகச் சென்றது. பொலன்னறுவைப் பகுதியிற் கூடிய வெளிநாட்டு வானியலாளர் பலரின் முயற்சியை முகில் கெடுத்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் சூரியன் எவ்வளவு மறைந்தது என்று மென்பொருள் சொல்லும். முகிலைப்பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஆயினும் முகிலின் கீழும் பகல் மங்கியிருக்கும். அன்று திங்கட்கிழமை, வேலைநாள். அவ்விருளைக் கண்ட தாய்மாரின் நினைவுகள் எங்கேனும் பதிவாகியிருப்பின், குழந்தை அப்போது வயிற்றிலா, பிள்ளைமடுவத்திலா என்ற ஒரு விபரமே ஒரு பிறந்த ஆண்டை நெருங்கிப் பிடிக்கப் போதுமானது.