ஊழியமும் ஊதியமும்

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தில் அரண்மனையின் அழகைப் பேசுவோர் பலர்; ஊழியத்தைப் பேசுவோர் சிலரே. அரசுக்குக் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய உழைப்புக்கு அந்நாட்டில் வழங்கிய பெயர் அது. அதன் சுமை பெரிதும் ஒடுக்கப்பட்ட சாதியார் தோள்களிலேயே விழுந்தது. சென்னை மாகாணமும் சளைத்ததன்று: ஏரி, கால்வாய் உடைப்பை அடைக்க ஊராரை வற்புறுத்தி அழைக்க 1858ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. (நாம் பெருமிதத்தோடு நினைவுகூரும் குடிமராமத்துக்கு இப்படியும் ஒரு முகம்!)

2017இல் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைச் சிதைத்தது. 2023இல் தமிழக அரசு, முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தின்கீழ், காலநிலைப் பணிக்கென மாவட்டந்தோறும் இளைஞர்களை அமர்த்தியது; ஈராண்டுப் பணி, மாதம் 60,000 ரூபாய். ஊருக்கு உழைப்பதற்கும் ஊதியம் உண்டென அரசே ஒப்பியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் பத்மநாபபுரம் புத்தனாற்றுக் கால்வாயில் மண் வாரும் கைகள் அதற்கு விண்ணப்பிக்க இயலாது, பட்டம் வேண்டும்.