வகுப்பறை முதலில், பட்டம் பிறகு

லண்டனின் அரச புவியியல் கழகம் 1869-இல் ஒரு முயற்சியில் இறங்கியது. இங்கிலாந்தின் பெயர்பெற்ற பள்ளிகளில் புவியியலுக்குத் தேர்வு வைத்துப் பதக்கம் கொடுத்தது. பதினைந்து ஆண்டுகள் நடந்தும் பலனில்லை. டல்விச், லிவர்பூல் கல்லூரி ஆகிய இரண்டு பள்ளிகளே பெரும்பாலான பதக்கங்களை அள்ளிக்கொண்டன. மற்றவை எட்டிப் பார்ப்பதோடு சரி. 1884-இல் திட்டம் கைவிடப்பட்டது. அன்றைய பாடம் முனைகளும் விரிகுடாக்களும் ஆறுகளும் தலைநகரங்களும் அடங்கிய பட்டியல். கடற்கரையைச் சுற்றிவந்து பெயர்களை ஒப்பித்தால் போதும். பல்கலைக்கழக உதவித்தொகை லத்தீனுக்கும் கணிதத்துக்கும்தான் கிடைத்தது. கெட்டிக்கார மாணவனை எந்தத் தலைமையாசிரியரும் புவியியல் பக்கம் திருப்பிவிடமாட்டார். புவியியல் படித்த ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை. படிக்க இடமே இல்லையே.

கழகம் அடுத்து ஜான் ஸ்காட் கெல்டி என்பவரை ஆய்வுக்கு அனுப்பியது. ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் அவர் பார்த்த சுவர்ப்படங்கள், கோளங்கள், பாடநூல்கள் லண்டனில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. பிரஷ்ய அரசு 1874-லேயே தன் பல்கலைக்கழகங்களில் புவியியலுக்குப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்த முடிவுசெய்திருந்தது. இங்கிலாந்தும் அதே வழியில் போகட்டும் என்று கழகம் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பணம் கொடுத்தது. 1887-இல் ஹால்ஃபர்ட் மெக்கிண்டர் அங்கே விரிவுரையாளரானார். அவருடைய முதல் விரிவுரைக்கு வந்தவர்கள் மூன்றே பேர். அவர்களில் இருவர் பின்னல் வேலையைக் கையோடு கொண்டுவந்த பெண்கள். திறமைக்குப் பேர்போன பேச்சாளருக்கே இந்தக் கதி. பட்டத் தேர்வில் சேராத பாடத்துக்கு எந்த மாணவன் வருவான்?

எனவே, மேலிருந்து நட்டதால் புவியியல் வேர் பிடிக்கவில்லை என்பதே என் வாதம். அதைப் பிழைக்கவைத்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். 1893-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சில ஆசிரியர்கள் கூடிப் புவியியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் பேசியது தத்துவம் அல்ல, மாயவிளக்குப் படங்களைப் பற்றி. 3¼ அங்குலச் சதுரக் கண்ணாடித் தகட்டில் பதித்த மலையையும் துறைமுகத்தையும் பள்ளிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதே முதல் தேவை. அடுத்த திருப்பம் 1904. உயர்நிலைப் பள்ளிகளுக்கு அரசு வகுத்த விதிகளின்படி ஆங்கிலம், புவியியல், வரலாறு மூன்றுக்கும் சேர்த்து வாரம் 4½ மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். நான்காண்டுப் படிப்பு முழுவதற்கும் இது பொருந்தியது. பெயர்ப் பட்டியலை நான்கு ஆண்டு நீட்ட முடியாது. ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகும் பாடம் தேவைப்பட்டது. புவியியலாளர் ஏ.ஜே. ஹெர்பர்ட்சன் 1905-இல் முன்வைத்த ‘இயற்கை மண்டலங்கள்’ அதற்குக் கைகொடுத்தன. நாட்டு எல்லையை விட்டுவிட்டு, தட்பவெப்பத்தையும் நிலத்தையும் கொண்டு உலகைப் பிரித்தார். இதனால் ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தோடு ஒப்பிட முடிந்தது. தொடக்கநிலை, இளநிலை, முதுநிலை என அவர் எழுதிய பாடநூல்களும் வகுப்புக்கு வகுப்பு ஏறிச்சென்றன. ஆசிரியர்கள் ஆக்ஸ்ஃபோர்டின் விடுமுறைப் பயிற்சிகளுக்கு வந்தார்கள். சிறப்புப் பட்டம் லிவர்பூலில் 1917-இல்தான் வந்தது, கேம்பிரிட்ஜில் 1919-இல். ஆக்ஸ்ஃபோர்டுக்கோ 1930-கள் வரை ஆனது.

பேரரசுதான் புவியியலை வளர்த்தது, ஆசிரியர்கள் அல்ல என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. குடியேற்ற அமைச்சகத்தின் குழு ஒன்று ஹ்யூ ஃபிஷர் என்ற ஓவியரை இந்தியாவுக்கு அனுப்பிப் படங்கள் சேகரித்தது; இந்தியாவைப் பற்றிய விரிவுரைகளை மெக்கிண்டரே எழுதினார். பாடத்தில் ஏகாதிபத்தியச் சாயம் தோய்ந்திருந்ததை மறுக்க முடியாது. ஆனால் பேரரசு 1870-களிலும் இருந்தது. 1871-லும் 1874-லும் புவியியலுக்கு இடம் கேட்டுக் கழகம் விண்ணப்பித்தபோது ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அசையவில்லை. பணம் வந்ததற்கும் பாடத்தின் நிறத்துக்கும் பேரரசு காரணமாகலாம். பட்டம் ஏன் அரை நூற்றாண்டு பிந்தியது என்பதற்கு அது விடை சொல்லாது. முதல் உலகப் போர்தான் தூண்டியது என்ற வாதமும் உண்டு. போர் வேகப்படுத்தியிருக்கலாம். ஆனால் பட்டம் பெற்றவர்களுக்கு நிலையான வேலை காத்திருந்த இடம் பள்ளிக்கூடம்.

சென்னையிலும் இதே வரிசைதான். 1926-இல் சென்னை புவியியல் சங்கம் உருவாக முன்னின்ற என். சுப்பிரமணியம், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் புவியியல் கற்பித்தவர். அன்று தொடங்கிய இதழ் இன்று ‘இந்தியன் ஜியாக்ரஃபிகல் ஜர்னல்’. பின்னர், 1952–53-இல் லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான கல்விக் குழு, வரலாறு, புவியியல், குடிமையியல் ஆகியவற்றை இணைத்துச் சமூகப் பாடமாக்கப் பரிந்துரைத்தது. நல்ல குடிமகனுக்குத் துண்டு துண்டான அறிவு போதாது என்ற நோக்கம் நியாயமானதே. இணைத்துப் படிப்பதில் தவறில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வரலாறு படித்த ஒருவரே புவியியலையும் நடத்திவிடலாம் என்றால், புவியியல் படித்தவரை நியமிக்கப் பள்ளிக்கு அவசியம் இல்லை. வேலை இல்லாத பட்டத்துக்குக் கல்லூரியில் சேர ஆள் குறையும். அப்படிக் குறைந்தபின் மானாவாரி நிலத்துக்கும் பாசன நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை நிலப்படத்தில் காட்டிக் கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியர் கிடைக்கமாட்டார். பாடம் மறுபடி பெயர்ப் பட்டியலாகிவிடும். பாடத்திட்டக் குழுக்கள் பாடநூலின் பக்கங்களைத் திருத்துவதில் காட்டும் அக்கறையை, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை வாரத்தில் எத்தனை வகுப்பு, அதை யார் எடுப்பது என்ற இரண்டு கேள்விகளிலும் காட்ட வேண்டும்.