திரிசடை என்றொரு கப்பல்

புனே ராஸ்தா பேட்டையில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வசிக்கிறது. அவர்கள் மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். சென்ற வாரம் பள்ளிக்கான செயல்திட்டத் தாளொன்றைக் கொண்டுவந்து, "அண்ணா, சரியா இருக்கான்னு பாருங்க" என்றான். பொருள், இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு. நடுவில் அழகாக வரைந்த பாய்மரக் கப்பல். அதன் அடியில் 'சோழரின் திரிசடைப் போர்க்கப்பல்' என்ற குறிப்பு. எங்கே படித்தாய் என்று கேட்டேன். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்றான்.

2022இல் அவ்விளையாட்டின் இந்திய விரிவாக்கம் வெளிவந்தது. அதில் தென்னகத்தார் 'திராவிடர்' என்ற பெயரில் இடம்பெற்றனர். இராசேந்திரனுக்கெனத் தனிப் போர்த்தொடரே உண்டு. தமிழன் என்ற முறையில் எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களுக்குரிய சிறப்புக் கப்பலின் பெயர் திரிசடை. எனக்குத் திரிசடை என்றால் அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்னவள்தான் நினைவுக்கு வருவாள். இதுவரை நான் வாசித்த சோழர் கல்வெட்டு எதிலும் அப்பெயரில் ஒரு கப்பலைக் கண்டதில்லை. இணையத்தில் உலவும் சோழர் கடற்படைப் பட்டியல்களில் தரணி, லூலா, வஜ்ரா, திரிசடை என வரிசையாக வரும். சான்று தேடிப் போனால் இன்னொரு பட்டியலில் கொண்டுபோய் நிறுத்தும்.

கல்வெட்டு என்னதான் சொல்கிறது? சுமார் 1025இல் நிகழ்ந்த படையெடுப்பைத் தஞ்சைப் பெரியகோயிலில் உள்ள மெய்க்கீர்த்தி விரிவாகப் பேசுகிறது. ஸ்ரீவிசயம் தொடங்கிக் கடாரம் ஈறாகப் பதின்மூன்று இடங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. கைப்பற்றிய தோரணவாயிலைச் சொல்கிறது. கடலே அகழியாகச் சூழ்ந்த ஊரைச் சொல்கிறது. சிறைப்பட்ட அரசனின் பெயரையும் சொல்கிறது. கப்பல்களைப் பற்றியோ, அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்தினான் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. எத்தனை கலங்கள், என்ன வகை, எந்தத் துறையிலிருந்து புறப்பட்டன, தலைமை தாங்கியவர் யார் என்பவற்றுக்கெல்லாம் அங்கே விடையில்லை.

விளையாட்டைப் படைப்பவருக்குக் கற்பனை உரிமை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. திரையில் ஓடும் கப்பலுக்கு ஓர் உருவம் வேண்டும், ஒரு பெயர் வேண்டும். உருவத்தைக் கற்பனை என்று சிறுவனும் அறிவான். பெயரையும் விவரக்குறிப்பையும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அவை பாடநூலின் குரலில் பேசுகின்றன. கலம், நாவாய், வங்கம் என்று சங்க காலம் முதல் வழங்கிவரும் சொற்களில் ஒன்றை வைத்திருந்தால் விளையாட்டின் சுவை எவ்வகையில் குறைந்திருக்கும்?

மராத்தியர்க்கும் இவ்வனுபவம் உண்டு. 2009இல் வந்த 'எம்பயர்: டோட்டல் வார்' 1700ஆம் ஆண்டிலேயே 'மராத்தியக் கூட்டமைப்பு' என்றோர் அரசை நிறுத்துகிறது. உண்மையில் அவ்வாண்டில்தான் இராசாராம் சிங்ககட் கோட்டையில் இறந்தார், சதாரா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது, தாராபாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். கூட்டமைப்பு உருப்பெற்றது பேஷ்வாக்கள் காலத்தில். இதைச் சொன்னால் என் மராத்தி நண்பர் சிரித்துவிட்டுப் போவார். அவர் சிரிக்கலாம், அவர்களிடம் ஆவணங்கள் உள்ளன. சிவாஜியின் கப்பல்களைக் குராப், கல்பத், ஷிபாட் என்று வகை பிரித்துச் சொல்கிறது சபாசத் பகர். அந்நூல் எழுதப்பட்டது 1697இல், இராசாராம் தங்கியிருந்த நம் செஞ்சியில்! மராத்தியர் கப்பல்களின் பெயர்கள் தமிழ் மண்ணிலிருந்து எழுத்தில் ஏறின. சோழன் கடாரத்துக்கு அனுப்பிய கலங்களின் வகைப்பெயரோ மெய்க்கீர்த்தியில் இல்லை. அந்த வெற்றிடம் நமக்கு உறுத்துகிறது. அதனால்தான் கிடைத்த பெயரைப் பற்றிக்கொள்கிறோம்.

நானும் விலக்கல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் அந்த நால்வகைக் கப்பல் பட்டியலைத் திரையில் காட்டிப் பெருமிதத்தோடு பேசினேன். கைதட்டல் கிடைத்தது. முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மட்டும், "எந்தக் கல்வெட்டு, தம்பி?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினேன்.

சிறுவனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. மெய்க்கீர்த்தியின் அந்தப் பகுதியை மட்டும் படித்துப் பொருள் கூறினேன். "அப்போ கப்பலுக்கு என்ன பேர் போடறது, அண்ணா?" என்றான். 'கலம்' என்று போடச் சொன்னேன். சற்றே ஏமாற்றத்துடன் அழிப்பானை எடுத்தான்.